ஓர் அட்டை, இரண்டு உலகங்கள்: ஹேர்னான்டஸ் சகோதரரின் சித்திரக்கதைகள் பற்றிய ஒரு நோக்கு

1

சித்திரக்கதை என்றதுமே சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு எனக் கருதி அதனைக் கடந்து செல்லும் மனப்பாங்கு கற்றோரிடையே நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. இம்மனப்பாங்குக்குக் காரணம் இல்லாமலில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1930களின் பிற்பகுதியிற் பெருவணிகமாக உருப்பெற்ற சித்திரக்கதை நூல்கள், தொடக்கத்திலிருந்தே தொழிற்சாலைப் பண்டங்களைப் போல உற்பத்தி செய்யப்பட்டன. ஒருவர் கதை எழுதுவார்; மற்றொருவர் பென்சிலால் வரைவார்; மூன்றாமவர் அதன்மேல் மை தீட்டுவார்; எழுத்துக்களை இட வேறொருவர், வர்ணந்தீட்ட இன்னொருவர் என வேலை துண்டு துண்டாகப் பகுக்கப்பட்டது. இதனால் ஆக்கியவனுக்கும் ஆக்கத்துக்கும் இடையிலான உறவு அறுந்தது. 'சுப்பர்மான்' என்னும் பாத்திரத்தைப் படைத்த இளைஞர் இருவர் 1938இல் அதன் உரிமையை 130 டொலருக்கு விற்றுவிட்டமை இவ்வுற்பத்தி முறையின் இயல்பை விளக்கப் போதுமான சான்றாகும். 1954இல் வெளியீட்டாளர்கள் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட தணிக்கை விதிகள், வளர்ந்தோர்க்குரிய பொருள்களுள் எஞ்சியிருந்தவற்றையும் இத்துறையிலிருந்து அகற்றின.

1960களின் இறுதியிற் தோன்றிய 'தலைமறைவு'ச் சித்திரக்கதைகள் இத்தளையை உடைத்தன என்பது உண்மையே. ஆயினும் எதிர்ப்பும் அதிர்ச்சியூட்டலுமே அவற்றின் பிரதான குணங்களாயிருந்தன. ஒரு சமூகத்தின் அன்றாட இயக்கத்தை, அதனுள் வளர்ந்து தளர்ந்து மாறும் மனிதரை, நாவலுக்குரிய விரிவோடு சித்திரக்கதையிற் படைக்கும் பணி பெரும்பாலும் எஞ்சியே இருந்தது. அப்பணியை மேற்கொண்டோருள் முதன்மையானோராகக் கருதப்படுவோர் கலிபோர்னியா மாநிலத்து ஒக்ஸ்னாட் நகரைச் சேர்ந்த ஹேர்னான்டஸ் சகோதரராவர். மாரியோ 1953இலும், கில்பேட் 1957இலும், ஹைமே 1959இலும் பிறந்தவர்கள். மூவரும் 1981இல் தாமே அச்சிட்டு வெளியிட்ட 'லவ் அன்ட் ரொக்கட்ஸ்' என்னும் இதழ், இடையிடையே நின்றும் வடிவம் மாறியும், நாற்பதாண்டு எல்லையைக் கடந்து வந்துள்ளது.

உடன்பிறந்தோர் கூடிக் கலை செய்தல் புதுமையான செய்தியன்று. கூட்டுழைப்பு, கூடியோரின் தனித்துவத்தை விழுங்கிவிடாமல் இத்துணைக் காலம் நீடித்தமைக்கு அடிப்படை யாது என்பதே ஆராயத்தக்கது. ஒருவர் எழுத மற்றவர் வரைதல் என்னும் வழமையான பங்கீட்டை இச்சகோதரர் பெரும்பாலும் கைக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கதையைத் தாமே எழுதி, தாமே வரைந்து, தாமே மைதீட்டி, எழுத்துக்களையும் தாமே இட்டனர். பொதுவாயிருந்தது இதழின் அட்டை மட்டுமே. அவ்வட்டை எதனைச் சாத்தியமாக்கிற்று என்பதை அவர்களது ஆக்கங்களின் வழியாக நோக்குதல் பயனுடையது.

2

எக்கலையும் அது வேரூன்றிய சமூகச் சூழலோடு இயைத்தே விளங்கிக்கொள்ளப்பட வேண்டும். ஒக்ஸ்னாட், லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடமேற்கே கடலோரமாக அமைந்த விவசாயப் பிரதேசத்து நகரம். அந்நகரின் பெயரே 1890களின் இறுதியில் அங்குச் சீனிக்கிழங்கு ஆலையை நிறுவிய ஒக்ஸ்னாட் சகோதரர் என்னும் முதலாளிகளின் பெயர்தான். அவ்வயல்களில் உழைத்தோர் யப்பானியரும் மெக்சிக்கருமாவர். 1903இல் அவ்விரு இனத்தாரும் ஒன்றுபட்டுத் தொழிற்சங்கம் அமைத்து, வேலைநிறுத்தஞ் செய்து வெற்றி கண்டனர். யப்பானியரையும் சீனரையும் விலக்கினாலன்றி அங்கீகாரம் இல்லை என அமெரிக்கத் தொழிற் சம்மேளனம் நிபந்தனை விதித்தபோது, மெக்சிக்கத் தொழிலாளர் அதனை ஏற்க மறுத்தமை அந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் நினைவுகூரப்படும் நிகழ்ச்சியாகும். பிற்காலத்து விவசாயத் தொழிலாளர் தலைவரான சேசார் சாவேஸ் 1958இல் அந்நகரில் தங்கியிருந்து மக்களை ஒழுங்குதிரட்டினார். ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் ஒரே வீட்டில் ஒலிக்கும் மெக்சிக்க அமெரிக்கத் தொழிலாளர் குடியிருப்புக்களின் வாழ்க்கையே சகோதரரின் இளமைக்காலப் பின்புலம்.

ஆறு பிள்ளைகளைக் கொண்ட அக்குடும்பத்திற் தந்தை இளமையிலேயே பிள்ளைகளைப் பிரிந்து மறைந்தார். தாயார் தம் சிறுபராயத்திற் சித்திரக்கதைகளை விரும்பி வாசித்தவர். ஏனைய வீடுகளிற் படிப்பைக் கெடுக்கும் குப்பையாகக் கருதப்பட்டவை அவ்வீட்டில் தடையின்றி உலவின. மூத்தவன் வாங்கி வந்தவற்றை இளையோர் வாசித்தனர். வாசித்தவற்றைப் பார்த்து வரைந்தனர். ஒருவன் வரைந்ததை மற்றவன் பார்த்தான். இவர்களுக்குப் பாசறையும் பள்ளியும் வீடே. தந்தையற்ற வீட்டிற் பெண்களே நிருவாகிகளாக இருந்தமை, பின்னர் இருவரின் ஆக்கங்களிலும் பெண்களே மையப் பாத்திரங்களாக அமைந்தமையோடு தொடர்புடையது எனக் கருத இடமுண்டு. 1970களின் பிற்பகுதியில் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் எழுந்த பங்க் இசை இயக்கம் மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. பெரிய நிறுவனங்களின் அனுமதிக்காகக் காத்திராமல், தேர்ச்சி முழுமையடையும்வரை தயங்காமல், இசைத்தட்டாயினும் துண்டுப் பத்திரிகையாயினும் தாமே ஆக்கித் தாமே விற்கலாம் என்பதே அப்பாடம்.

1981இல் 32 பக்கங்களோடு கறுப்பு வெள்ளையில் வெளிவந்த முதல் இதழுக்குத் தூண்டுகோலாயிருந்தவர் மாரியோ. அவ்விதழின் பிரதி ஒன்று, சித்திரக்கதைகளைக் கண்டிப்பான தரத்தோடு விமர்சித்துவந்த 'த கொமிக்ஸ் ஜேர்னல்' என்னும் சஞ்சிகைக்கு மதிப்புரைக்காக அனுப்பப்பட்டது. அச்சஞ்சிகையின் ஆசிரியர் கரி குரோத் மதிப்புரையோடு நில்லாது, தம் பன்டாகிரபிக்ஸ் பதிப்பகத்தின் மூலம் இதழை வெளியிட முன்வந்தார். 1982இல் 64 பக்கங்களாக விரிந்து வெளிவந்த முதலிதழிலிருந்து 1996இன் ஐம்பதாவது இதழ் வரை முதற் தொகுதி நீண்டது. பதிப்புரிமை ஆக்கியோரிடமே இருந்தது. கடுமையான விமர்சனத்துக்குப் பேர்போன ஒரு சஞ்சிகை தன் கண்டனங்களுக்கு மாற்றாகத் தானே ஒரு படைப்பை முன்வைக்க நேர்ந்தமை, விமர்சனமும் ஆக்கமும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதற்கு நல்ல உதாரணம்.

3

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொள்வது தமிழ் இலக்கண மரபு. அம்மரபின் மொழியிற் கூறுவதாயின், கில்பேட் நிலத்தைப் பாடியவர். ஹைமே பொழுதைப் பாடியவர்.

கில்பேட்டின் நிலம் பலோமார். ஐக்கிய அமெரிக்க எல்லைக்குத் தெற்கே எங்கோ அமைந்ததாகக் கற்பிக்கப்படும் இச்சிற்றூர் எந்தத் தேசப்படத்திலும் இல்லை. தொலைபேசி எட்டாத அவ்வூரிற் குளிப்பாட்டும் தொழில் செய்யும் பெண்கள், தச்சர், ஆசிரியர், விதவைகள், வீதியில் விளையாடும் சிறுவர் ஆகியோரே கதைமாந்தர். 1983இல் மூன்றாம் இதழிற் தொடங்கிய இவ்வரிசையில், கையிற் சுத்தியலோடு, தந்தையர் வேறான பெண்பிள்ளைகளோடு ஊருக்கு வந்துசேரும் லூபா என்பவள் படிப்படியாக மையத்துக்கு வருகிறாள். குளிப்பாட்டுபவளாகத் தொடங்கி, திரைப்படக் கொட்டகை நடத்தி, ஈற்றில் ஊரின் தலைவியாகவும் ஆகிறாள். அவளுக்குப் போட்டியாளராயிருந்த செலோ ஊரின் காவலதிகாரியாகிறாள். அதிகாரம் பெண்களின் கையிலிருப்பதை ஆசிரியர் ஓரிடத்திலேனும் வியந்து சுட்டுவதில்லை. அவ்வூரின் இயல்பான நிலைமையாகவே அது காட்டப்படுகிறது.

பலோமார் கதைகளைக் கபிரியேல் கார்சியா மார்க்கேசின் நாவலுலகோடு விமர்சகர் பலர் ஒப்பிட்டுள்ளனர். ஒப்பீடு ஓரளவு பொருந்துவதே. ஆயினும் கில்பேட்டின் ஊர் நூறாண்டு வரலாற்றின் குறியீடாக நின்றுவிடுவதில்லை. மழை, புழுதி, பசி, வதந்தி, வெட்கம் ஆகியவற்றால் ஆன ஊர் அது. சிறிய சட்டங்களுக்குள் ஏராளமான முகங்களை அவர் நிரப்புகிறார். ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடையே ஒரு நாளோ பத்தாண்டோ முன்னறிவிப்பின்றிக் கழிந்துவிடும். வாசகன் ஊராரில் ஒருவனாக நின்று கேட்டறிந்துகொள்ள வேண்டியவனாகிறான். பருத்த மைநிழல்களும் உருச்சிதைந்த முகங்களும் அவரது சித்திரத்துக்குக் கரடுமுரடான வலிமையை அளிக்கின்றன.

1987, 1988 ஆண்டுகளில் வெளிவந்த 'மானிட நிலக்குலைவு' என்னும் நெடுங்கதை அவரது ஆற்றலின் உச்சமெனலாம். வெளியூரார் பலோமாருக்குள் புகுகின்றனர். குரங்குகள் பெருகி ஊரைச் சூறையாடுகின்றன. மறைந்திருக்கும் கொலைஞன் ஒருவன் ஊராரைக் கொல்கிறான். இக்குழப்பத்தின் நடுவே இரண்டு இளம் உயிர்களின் வரலாறு முதன்மை பெறுகின்றது. ஒருத்தி டொனான்ட்சின். உலகின் அநீதிகளைப் புதிதாக அறிந்துகொண்ட அவளின் மனவேதனைக்கு ஊரில் ஒருவரும் செவிகொடுப்பதில்லை; ஆதிக்குடிகளின் உடையணிந்து திரியும் அவளைக் கண்டு நகைக்கின்றனர். கடைசியில் அவள் தன்னைத் தானே தீயிட்டு மாள்கிறாள். மற்றவன் உம்பேர்ட்டோ என்னும் இளம் ஓவியன். கொலைஞனின் செயலைக் கண்ணாரக் கண்டவன் அவன். கண்டதை எவரிடமும் சொல்லாது, அந்த முகத்தை மீண்டும் மீண்டும் தாளில் வரைகிறான். அவன் வரைந்துகொண்டிருக்கும்போதே கொலைகள் தொடர்கின்றன.

கலைஞனின் பொறுப்பு யாது என்னும் வினாவை இவ்வளவு கூர்மையாக எழுப்பிய சித்திரக்கதை வேறொன்று அரிது. பயத்தினால் மௌனித்தான் என உம்பேர்ட்டோவை மன்னித்துவிடலாம். ஆனால் அவனது கோடு நாளுக்கு நாள் செம்மை பெறுகிறது என்பதையும் கதை மறைப்பதில்லை. கலை வளர்வதும் கலைஞன் கடமை தவறுவதும் ஒரே செயலில் நிகழ்கின்றன. அச்செயலைத் தம் கைத்தொழிலாகக் கொண்ட ஒருவரே இதனை வரைந்திருக்கிறார் என்பது கதைக்கு ஒரு வாக்குமூலத்தின் தன்மையைத் தருகிறது.

4

ஹைமேயின் கதைகள் ஹொப்பேர்ஸ் என அழைக்கப்படும் கலிபோர்னியக் குடியிருப்பில் நிகழ்கின்றன. ஒக்ஸ்னாட்டின் சாயலை அதில் எளிதிற் காணலாம். அவரது பிரதான பாத்திரங்களான மாகி, ஹோப்பி ஆகிய இருவரும் அக்குடியிருப்பைச் சேர்ந்த இளம்பெண்கள். பங்க் இசைக் கூட்டத்தைச் சேர்ந்தோர். நட்பாகவும் காதலாகவும் மாறிமாறித் தோன்றும் உறவினால் பிணைக்கப்பட்டோர். தொடக்கக் கதைகளில் மாகி ரொக்கட்டுகளைப் பழுதுபார்க்கும் பொறிவினைஞி. டைனோசர்களும் பறக்கும் வாகனங்களும் அக்கதைகளில் வந்துபோகின்றன. இதழின் பெயரிலுள்ள ரொக்கட்டு அவ்வழி வந்ததே. மிக விரைவில் ரொக்கட்டுகள் பின்வாங்கின. வீட்டு வாடகை, வேலையின்மை, உடல் பருத்தல், பிரிந்த நண்பர், தெருச்சண்டை ஆகியன முன்வந்தன. சித்திரக்கதையின் மரபான கற்பனைப் பொருள்களை ஒரு கலைஞன் தன் வாசகரின் கண்முன்னே ஒவ்வொன்றாகக் கைவிட்டு யதார்த்தத்தை நோக்கி நடந்த வரலாறு இதுவாகும்.

1980களின் பிற்பகுதியில் வந்த 'ஸ்பீடியின் மரணம்' இம்மாற்றத்தின் முக்கிய கட்டம். ஹொப்பேர்சுக்கும் அயலூரான டெயரிடவுனுக்கும் இடையிலான இளைஞர் கும்பற் பகை, காதற் சிக்கலோடு பின்னி, ஸ்பீடி என்னும் இளைஞனைப் பலிகொள்கிறது. வேறெவரும் அக்கணத்தையே பெரிதாக வரைந்திருப்பர். ஹைமே அதனை நேரே காட்டவில்லை. காட்டாது விட்டமையாற் துயரம் குறையவில்லை; ஊரெங்கும் பரவி நிற்கிறது.

ஹைமேயின் கோடு அண்ணனின் கோட்டிலிருந்து முற்றிலும் வேறானது. 'ஆர்ச்சி' சித்திரக்கதைகளை வரைந்த டான் டிகார்லோ, 'டெனிஸ்' என்னும் குறும்புச் சிறுவனைப் படைத்த ஹாங்க் கெச்சம் ஆகியோரிடம் அவர் கற்ற தெளிவு அதில் உண்டு. சிறுவர்க்குரியதெனப்பட்ட அத்தூய கோட்டைக் கொண்டு முதுமையையும் இழப்பையும் வரைந்தமையே அவரது சாதனை. கருமையும் வெண்மையும் மட்டும் கொண்டு, இடைப்பட்ட சாயல்கள் ஏதுமின்றி, ஒரு தோளின் சரிவில் ஒரு பெண்ணின் களைப்பை அவர் உணர்த்திவிடுகிறார்.

இவ்விடத்திற் பொழுது என்னும் முதற்பொருள் முக்கியம் பெறுகிறது. வணிகச் சித்திரக்கதைகளின் நாயகருக்கு வயதேறுவதில்லை; வயதேறினால் விற்பனைப் பண்டம் தேய்ந்துவிடும். மாகியும் ஹோப்பியும் ஏறக்குறைய வாசகரோடு சேர்ந்து மூப்படைந்தனர். இருபதைத் தொடும் வயதில் அறிமுகமான மாகி ஐம்பதைக் கடக்கிறாள். 2019இல் நூலாக வந்த 'என்னை இவ்வாறா காண்கிறாய்' என்னும் கதையில் இருவரும் பழைய பங்க் கூட்டத்தாரின் ஒன்றுகூடலுக்காக ஹொப்பேர்சுக்குத் திரும்புகின்றனர். இளமைக்கால நாள்களும் நிகழ்காலமும் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. இளமை பற்றிய ஏக்கம் மலிந்த கதையாக இது சரிந்திருக்கக்கூடும். அவ்வாறு சரியாமைக்குக் காரணம், அவ்விளமையை வாசகரும் ஏற்கெனவே முப்பதாண்டுகளுக்கு முன் அதே இதழில் வாசித்திருப்பதாகும். நினைவு, ஆசிரியரின் உத்தி என்ற நிலையைக் கடந்து வாசகரின் சொந்த உடைமையாகிவிடுகிறது.

5

இரண்டு உலகங்களும் பெரும்பாலும் கலப்பதில்லை. லூபா ஹொப்பேர்சுக்குச் செல்வதுமில்லை. மாகி பலோமாரைக் காண்பதுமில்லை. ஆயினும் இவ்விரண்டையும் ஒரே அட்டைக்குள் அடுத்தடுத்து வாசிப்போருக்கு, ஒன்று மற்றொன்றுக்கு விடைபகர்வது போலத் தோன்றும் இடங்கள் பல. அவற்றுள் மௌனம் பற்றியது மிக ஆழமானது.

உம்பேர்ட்டோவின் மௌனத்தைக் கில்பேட் வரைந்து இருபதாண்டுகளுக்கு மேலான பின், 2010இல் ஹைமே 'பிரவுண்டவுன்' என்னும் கதையை வெளியிட்டார். மாகியின் சிறுபராயத்தைக் கூறும் அக்கதையில் அவளது தம்பி கல்வின், மூத்த பையன் ஒருவனாற் பாலியற் கொடுமைக்கு உள்ளாகிறான். அதனை எவரிடமும் அவன் சொல்வதில்லை. தன் உடன்பிறந்தோரை அத்தீங்கு அணுகிவிடுமோ என்னும் அச்சமே அச்சிறுவனின் வாயை அடைக்கிறது. குடும்பம் தன் வேறு துன்பங்களில் மூழ்கியிருக்க, கண்ணெதிரே நிகழ்வதை ஒருவரும் காண்பதில்லை. இதன் தொடர்ச்சியாக 2011இல் நிறைவுற்ற 'காதற் பிழையர்' கதையில், வாழ்க்கை சிதைந்து தெருவோரத்தவனாகத் திரியும் கல்வின், தமக்கையைக் காப்பதாக எண்ணி அவளை நேசிக்கும் ரே என்பவனின் தலையிற் செங்கல்லால் அடிக்கிறான். சிறுவயதிற் சொல்லப்படாத சொல் முதுவயதிற் கல்லாக விழுகிறது. மாகி அறியாத காரணத்தை வாசகர் மட்டும் அறிவர்.

கில்பேட்டின் ஓவியன் தன்னைக் காக்க மௌனிக்கிறான்; ஹைமேயின் சிறுவன் பிறரைக் காக்க மௌனிக்கிறான். முன்னதை இழுக்கென்றும் பின்னதைத் தியாகமென்றும் எளிதிற் பிரித்துவிட முடியாதவாறு, இரண்டும் உயிரிழப்பிலும் சிதைவிலும் முடிகின்றன. அன்பினாற் காக்கப்படும் மௌனமும் கொடுமைக்கே துணைபோகலாம் என்பது இளையவர் மூத்தவரின் கதைக்குச் சேர்த்த உரையாகக் கொள்ளத்தக்கது. இருவரும் திட்டமிட்டு இவ்வாறு எழுதினரா என்பது இங்கு வினாவன்று. ஒரே மேசையில் வரைந்து வளர்ந்தோர், ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் தம்மையறியாமலே தொடுதல் இயல்பு.

'காதற் பிழையர்' கதையின் முடிவுப் பகுதியில், எதிரெதிர்ப் பக்கங்களில் மாகியும் ரேயும் தம் வாழ்வின் பல கட்டங்களில் தோன்றிய தோற்றங்கள் சட்டத்துக்குச் சட்டம் இணையாக வைக்கப்பட்டுள்ளன. சொல் குறைந்த அவ்விரு பக்கங்களைப் புதிதாகப் பார்ப்பவர் அழகிய சித்திரங்களை மட்டுமே காண்பர். தொடர்ந்து வாசித்தவர்க்கோ அவை முப்பதாண்டு வாழ்வின் திரட்சி. நாவலும் திரைப்படமும் எளிதில் எய்தவியலாத ஒரு பயனை, தொடராக வளரும் சித்திரக்கதை இங்கு எய்தியிருக்கிறது.

6

இச்சகோதரரின் ஆக்கங்கள் குறைகளற்றவை எனல் பொருந்தாது. கில்பேட் பெண்ணுடலை மிகைப்படுத்தி வரைவது, லூபாவின் அமைப்பில் தொடங்கிப் பிற்காலக் கதைகளில் ஒரு பழக்கமாகவே இறுகிவிட்டது. அவளது இளமைக்காலத்தை விரித்துரைக்கும் 'நச்சாறு', குற்றக் கும்பல்களையும் வலதுசாரி வன்முறையையும் பெண்ணின் தனிவாழ்வோடு இணைத்துக் காட்டும் பெருமுயற்சி. ஆயினும் இடைவெட்டுக்கள் மலிந்து, பயின்ற வாசகரையும் தடுமாறச் செய்கிறது. 1996இன் நிலநடுக்கக் கதையின் பின் லூபாவின் குடும்பம் ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது, நிலத்தைப் பாடிய கலைஞர் தம் நிலத்தை இழந்ததன் விளைவு அக்கதைகளிற் புலப்படுகிறது. ஹைமேயிடமும் குறையுண்டு. அவரது கோட்டின் அழகு, வறுமையையும் சிலவேளை அழகுபடுத்திவிடுகிறது. மாகியைச் சூழ்ந்த ஆடவர் பலர் அவளளவு ஆழம் பெறவில்லை.

சகோதரர் ஒரே ஆக்கத்திற் பங்கிட்டு உழைத்த சந்தர்ப்பங்களும் உண்டு. 1984, 1985இல் வேறொருவர் வகுத்த 'மிஸ்டர் எக்ஸ்' தொடரின் முதல் நான்கு இதழ்களுக்கு மூவரும் கூடிப் பணிபுரிந்தனர். 2009இல் தொடராக வெளிவரத் தொடங்கிய 'சிட்டிசன் ரெக்ஸ்' மாரியோ எழுதக் கில்பேட் வரைந்தது. இவை திறமையான ஆக்கங்களே. ஆனால் பலோமாரையோ ஹொப்பேர்சையோ போல ஓர் உலகத்தை இவை நிறுவவில்லை. இதனைப் பொதுவிதியாகக் கொள்வதும் தவறாகும். பிரேசில் நாட்டுச் சாவோ போலோ நகரின் இரட்டையரான ஃபாபியோ மூன், கபிரியேல் பா ஆகிய இருவரும் 2010இல் வெளியிட்ட 'டேட்ரிப்பர்' என்னும் கதையைச் சேர்ந்தே எழுதி உயர்தரமான ஆக்கமாக்கினர். உடன்பிறந்தோர் கூடும் வழிகள் பல. ஹேர்னான்டஸ் சகோதரரின் வழி, வேலையைப் பங்கிடாது இடத்தைப் பங்கிடுவதாக அமைந்தது.

அவ்வழியின் விலையையும் குறிப்பிடல் வேண்டும். முயற்சியைத் தொடக்கிவைத்த மாரியோ இதழில் இடையிடையே மட்டுமே தோன்றினார். இன்று அப்பெயர் இளையோர் இருவரின் பெயருக்குப் பின்னாலேயே நினைவுகூரப்படுகிறது. வாசலைத் திறந்தவர் வாசலருகே நின்றுவிட்டமை கூட்டுக் கலைமுயற்சிகளின் வரலாற்றில் அரிதன்று. 1996இல் முதற் தொகுதி முடிவுற்றதும் இளையோர் இருவரும் தனித்தனி இதழ்களை வெளியிட்டனர். தடையெதுவும் இல்லாத அத்தனிமையைத் துறந்து 2001இல் மீண்டும் பழைய பெயரின் கீழ் ஒன்றுகூடினர். இருபது இதழ்கள் கொண்ட இரண்டாம் தொகுதி 2007இல் முடிய, 2008 முதல் 2016 வரை மூன்றாவது வடிவமாக எட்டு நூல்கள் வந்தன. 2016இல் நான்காம் தொகுதி தொடங்கிற்று. பிரிந்தும் எழுத முடியும் என நிறுவியவர்கள் கூடி எழுதத் திரும்பியமை பொருள் பொதிந்ததாகும்.

அவர்கள் திரும்பிவந்தது எதற்காக என்பதற்கு ஆக்கங்களே சான்று பகர்கின்றன. சந்தை கேட்பதை வரையாத கலைஞனுக்கு, தான் வரைவதை வரையத்தக்கதென ஏற்கும் ஒரு முதல்வாசகனேனும் வேண்டும். அவ்வாசகன் புகழ்ச்சிக்காரனாயின் கலை கெடும். பகைவனாயின் கலைஞன் சோர்வான். தன்னோடு ஒரே சட்டியில் உண்டு, தன் கோடு எங்கே பொய்க்கிறது என்பதைச் சொல்லாமலே உணர்த்தக்கூடிய ஒருவன் அடுத்த பக்கத்தில் தன் கதையை வரைந்துகொண்டிருப்பானாயின், அதனினும் கடுமையான விமர்சனமோ அதனினும் உறுதியான துணையோ வேறில்லை. ஒக்ஸ்னாட் என்னும் பெயரை அந்நகருக்கு அளித்த சகோதரரின் சீனியாலை மூடப்பட்டுப் பல தசாப்தங்களாகிவிட்டன. அந்நகரத்து எளிய வீடொன்றில் தாயாரின் அனுமதியோடு தாள்களிற் கீறத் தொடங்கிய சகோதரர், அங்கு வாழ்ந்த பெயரறியாத மக்களுக்கு முகங்களை அளித்துள்ளனர். உழைப்பைத் துண்டாடிய ஒரு தொழிற்றுறையினுள், முழுமையான உழைப்பு இன்னும் இயலக்கூடியதே என அவர்கள் காட்டியமை சித்திரக்கதைக்கு வெளியேயும் எண்ணிப் பார்க்கத்தக்கது.